ஒரு நிமிட ஆடியோகூட இல்லை... ஆனாலும் மறக்கப்படாத காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை! யார் இவர்?

ஐயம்பேட்டை என்றதும் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட வேண்டாம். இது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கும் பட்டு நெசவு ஊர். இங்கே தறிச் சத்தத்தோடு செல்போனில் ஏதாவது ஒரு பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த செல்போனில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத குரல் ஒன்று உண்டு. அதுவும் இதே வட்டாரத்தின் குரல், ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்கக் கூட்டத்தைக் கட்டிப்போட்ட குரல்.

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை, 1889-ல் பிறந்தவர். இயற்பெயர் சுப்பிரமணியம். அம்மா காமாட்சி அம்மாள். பெரிய பெயர் வாங்கியிருந்தவர் சித்தி தனகோடி அம்மாள். காஞ்சிபுரம் தனகோடி சகோதரிகள் என்றால் அந்தக் காலத்தில் அவ்வளவு மவுசு. இசை வேளாளர் குடும்பம், வீடு முழுக்கச் சங்கீதம். ஆனால் பையனுக்கு இளவயதில் உடற்பயிற்சி, குஸ்தி, பட்டம் விடுவது என்று கவனமெல்லாம் வேறு பக்கம். பாட்டுக்குள் தாமதமாகத்தான் வந்தார். வந்த பிறகு வெறித்தனமான சாதகம்.

மேடையில் அப்படி என்ன செய்தார்?

வழக்கமான கச்சேரியில் வயலின், மிருதங்கம் இருக்கும், கூட ஒரு கடமோ கஞ்சிராவோ சேரும். நயினாப் பிள்ளை மேடையில் இவற்றோடு மோர்சிங், டோலக், வாயாலேயே ஜதி சொல்கிற கொன்னக்கோல் என்று ஒரு படையே உட்கார்ந்திருக்கும். இதற்குப் பெயர் ‘ஃபுல் பெஞ்ச்’. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் வயலின், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் தாளவாத்தியம், மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளையின் கொன்னக்கோல் என்று பக்கத்தில் இருந்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. பாடகர் ஒரு இடத்தில் சறுக்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மைக் பரவலாகாத காலம் வேறு. அத்தனை வாத்தியங்களையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும்.

கூட்டம் காத்திருந்தது பல்லவிக்குத்தான். பல்லவி என்றால் ஒரே ஒரு வரி. அதை ஒரு தாளத்தில் பொருத்தி, வேகத்தைப் பாதியாக்கி, இரட்டிப்பாக்கிப் பாடுவார்கள். கை போடுகிற தாளம் மட்டும் மாறவே கூடாது. பாட்டு தாளத்தின் முதல் அடியில் ஆரம்பிக்காமல், கால் அடியோ முக்கால் அடியோ தள்ளி ஆரம்பித்தால் சிக்கல் இன்னும் கூடும். அப்படி ஆரம்பிக்கும் இடத்துக்குப் பெயர் ‘எடுப்பு’. எத்தனை சுற்று சுற்றினாலும் கடைசியில் அதே எடுப்பில் வந்து இறங்க வேண்டும். ராப் பேட்டில் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். நயினாப் பிள்ளை இதை யாரும் தொடாத அபூர்வமான தாளங்களில் செய்தார். அதே தாள பலத்தை வைத்துத்தான் அருணகிரிநாதரின் திருப்புகழையும் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. சங்கீதம் கணக்குப் பாடமாகிறது என்ற முணுமுணுப்பும் அப்போது இருந்தது. இன்றைக்கும் அந்த விவாதம் முடியவில்லை. குரல் பதிவாகியிருந்தால் நாமே கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

ஏன் பதிவு இல்லை?

வசதி இல்லாமல் இல்லை. 1900-களின் தொடக்கத்திலேயே தனகோடி அம்மாளின் இசைத்தட்டுகள் வந்துவிட்டன. நயினாப் பிள்ளை மட்டும் கிராமபோன் கம்பெனிகளுக்குப் பாடிக்கொடுக்கவே இல்லை. அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். மணிக்கணக்கில் விரிகிற ஒரு பல்லவியை அதற்குள் எப்படி அடக்குவது? நம் கோணத்தில் பார்த்தால் பெரிய நஷ்டம். அவர் கோணத்தில் அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம். 1934-ல், 45 வயதைக்கூட முடிக்காமல் இறந்துபோனார்.

அப்புறம் எப்படித்தான் தெரியும்?

கேட்டவர்கள் சொல்லித்தான். காஞ்சிபுரத்தில் அவர் நடத்திய தியாகராஜர் உற்சவத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்தவர்களில் ஒரு சின்னப் பெண்ணும் இருந்தாள். டி.கே.பட்டம்மாள். 1919-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நயினாப் பிள்ளையிடம் முறையாகப் பாடம் கேட்டதில்லை, கச்சேரியில் உட்கார்ந்து கேட்டதுதான். கேட்ட பாடல்களைச் சகோதரர்களின் உதவியோடு குறித்துக்கொள்வார். பெண்கள் பல்லவி பாட மாட்டார்கள் என்றிருந்த காலத்தில் அதையே தன் அடையாளமாக்கி, ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார். மானசீக குரு என்று கடைசிவரை நயினாப் பிள்ளையைத்தான் சொன்னார்.

நேரடியாகப் படித்தவர்களில், வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் இங்கே வந்து கற்றுக்கொண்டு போனவர்கள். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். குருவின் மேடையில் தாளவாத்தியங்களின் அதிரடி. இவர்கள் பாட்டோ நிதானம், நுணுக்கம், ஆரவாரமே கிடையாது. இன்னொரு சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, குருவின் தாளக்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். அவருடைய மாணவர்தான் மதுரை சோமு. ஆமாம், ‘தெய்வம்’ (1972) படத்தில் ‘மருதமலை மாமணியே’ பாடிய அதே சோமு. வாத்தியக்காரர்கள் புடைசூழ உட்கார்ந்து பாடுகிற பழக்கத்தை அவரும் விடவில்லை.

இவர்களில் பிருந்தா, பட்டம்மாள், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை மூவருக்கும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

யூடியூபில் ‘நயினாப் பிள்ளை’ என்று தேடினால் அவர் கிடைக்க மாட்டார். அதற்குப் பதில் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பழைய கச்சேரி ஒன்றையோ, பட்டம்மாள் பாடிய ஒரு பல்லவியையோ போட்டுக் கேளுங்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே, எடுப்பு எங்கே விழுகிறது என்று பிடிக்கப் பாருங்கள். முதல் தடவை கண்டிப்பாகத் தப்பும்.