பத்துப் பேர் கூடாத வீடு: லெனார்ட் வூல்ஃபின் வாழ்வும் சடங்குகளும்

1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கோட்டையின் கொத்தளத்தின் மேலிருந்த பங்களா ஒன்றில் 24 வயது அதிகாரி ஒருவர் குடியேறினார். இலங்கை சிவில் சேவையில் பயிலுநராகச் சேர்ந்திருந்த அவரது பெயர் லெனார்ட் வூல்ஃப். பிற்காலத்தில் அவரை நாவலாசிரியராகவும் பதிப்பாளராகவும் வர்ஜீனியா வூல்ஃபின் கணவராகவும் உலகம் அறிந்தது. அவர் யூதர் என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

1880 நவம்பர் 25 அன்று இலண்டனில், சட்டத்தரணி சிட்னி வூல்ஃபின் மகனாகப் பிறந்தார். யூத மரபில் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சடங்கு உண்டு. ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் நடக்கும். 13 வயதில் அவன் சமூகத்தின் முன் வேதம் வாசிப்பான். திருமணப் பந்தலின் கீழ் மணமகன் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைப்பான். மரணம் நேர்ந்தால் குடும்பத்தார் ஏழு நாட்கள் வீட்டில் அமர்ந்து துக்கம் காப்பார்கள். முப்பதாம் நாள் வரை கட்டுப்பாடுகள் தொடரும். பிறகு ஆண்டுதோறும் அந்த நாளில் விளக்கேற்றுவார்கள். எட்டுச் செலவும் 31ஆம் நாள் அந்தியேட்டியும் ஆண்டுத் திவசமும் செய்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இறந்தவருக்காகச் சொல்லப்படும் கடிஷ் என்ற பிரார்த்தனையை மரபுப்படி தனியே சொல்ல முடியாது. குறைந்தது பத்துப் பேர் கூட வேண்டும்.

1892இல் தந்தை இறந்தபோது லெனார்டுக்கு 11 வயது. ஒன்பது பிள்ளைகளுடன் தாய் மரீ தனித்துவிட்டார். பெரிய வீட்டையும் வசதிகளையும் குடும்பம் இழந்தது. பதின்ம வயதிலேயே லெனார்ட் மத நம்பிக்கையைக் கைவிட்டார். ஆனால் தான் யூதர் என்பதை அவர் ஒருபோதும் மறுக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் யூதர்களுக்குத் தொழுகைக் கூடம் இருக்கவில்லை. கச்சேரியில் வேலை பார்த்து, தமிழ் படித்து, நாய்களுடனும் வோல்டேயரின் நூல்களுடனும் அவர் வாழ்ந்தார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யச் சென்றார். அந்த அனுபவத்திலிருந்து பின்னர் எழுதிய சிறுகதையில், இறந்துபோன அரபுச் சுழியோடி ஒருவருக்காக அவரது ஆட்கள் கடற்கரையில் துக்கப்படும் காட்சி வருகிறது. 1907 ஒகஸ்டில் கண்டிக்கும் அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டைக்கும் மாற்றலானார்.

விடுமுறையில் இங்கிலாந்து திரும்பியவர் 1912இல் பதவியைத் துறந்து, ஒகஸ்ட் 10 அன்று வர்ஜீனியாவை மணந்தார். இலண்டன் சென்ட் பங்க்ராஸ் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துடன் எல்லாம் முடிந்தது. பந்தலும் இல்லை, கண்ணாடி உடைக்கவும் இல்லை. தாய்க்கு அழைப்புக்கூட இல்லை. பிள்ளைகளைத் தனியே வளர்த்த அந்தத் தாய்க்கு அது ஆறாத மனக்காயமாயிற்று.

முதலாம் உலகப் போரில், 1917 நவம்பரில், பிரான்சில் விழுந்த ஒரே எறிகணையில் தம்பி செசில் கொல்லப்பட்டார். இன்னொரு தம்பி பிலிப் காயமடைந்தார். லெனார்டும் வர்ஜீனியாவும் அந்த ஆண்டுதான் வீட்டில் சிறு அச்சியந்திரம் ஒன்றை வைத்து ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கியிருந்தனர். 1918இல் செசிலின் கவிதைகளை அதிலேயே சிறு நூலாக அச்சிட்டனர். 31ஆம் நாளுக்கு நாங்கள் அச்சடிக்கும் கல்வெட்டு போன்றது அது.

1941 மார்ச் 28 அன்று வர்ஜீனியா வீட்டிலிருந்து சென்று ஊஸ் ஆற்றில் உயிரை மாய்த்துக்கொண்டார். கரையில் கைத்தடி கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. மூன்று வாரங்களின் பின், ஏப்ரல் 18 அன்றே கண்டெடுக்கப்பட்டது. பிரைட்டன் தகனசாலைக்கு லெனார்ட் தனியாகவே போனார். பத்துப் பேர் அல்ல, ஒருவரைக்கூட அவர் அழைக்கவில்லை. பீத்தோவனின் இசைப்பகுதி ஒன்றே இறுதிச் சடங்குக்குப் பொருத்தம் என இருவரும் முன்பே பேசியிருந்தனர். அதை ஒழுங்கு செய்யவும் அவரால் முடியவில்லை. சாம்பலைத் தோட்டத்து எல்ம் மரத்தடியில் புதைத்தார்.

1960இல் அவர் இலங்கைக்கு மீண்டும் வந்துபோனார். 1969 ஒகஸ்ட் 14 அன்று, 88 வயதில் இறந்தார். அவரது சாம்பலும் அதே தோட்டத்தில்தான் உள்ளது.

சடங்குகளை விட்டது வூல்ஃபின் சொந்தத் தெரிவு. 2009இல் வன்னியில் உறவுகளின் உடல்களைப் பதுங்குகுழிகளில் விட்டு நடந்தவர்களுக்குத் தெரிவு எதுவும் இருக்கவில்லை. எட்டும் முப்பத்தொன்றும் முகாம்களின் முள்வேலிக்குள் கழிந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலர் இன்றும் திவசம் கொடுக்கவில்லை. கொடுத்தால் பிள்ளையின் மரணத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நாசிகளின் இனப்படுகொலையில் இறந்த நாளே தெரியாமல் போனவர்களுக்காக யூதர்கள் தேவேத் மாதத்தின் பத்தாம் நாளை ஒதுக்கி, அன்று கூடிக் கடிஷ் சொல்கிறார்கள். இறந்தது உறுதியானவர்களுக்கான ஏற்பாடு அது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் அப்படி ஒரு நாளைக் குறித்துக்கொள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்தப் பத்துப் பேர் என்ற கணக்கை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். படத்துக்கு மாலை போடாத, விளக்கும் ஏற்றாத வீடுகள் எங்கள் ஒழுங்கைகளிலும் இருக்கின்றன. அந்த வாசல்களில் போய் இருக்க எந்தச் சடங்கும் தேவையில்லை.