லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 – ஏப்ரல் 16, 1964) ஓர் ஆங்கிலேயக் குருதியியல் ஆய்வாளர் ஆவார். கர்ப்பிணிப் பெண்களின் குருதிச்சோகை குறித்து இந்தியாவில் இவர் மேற்கொண்ட ஆய்வுகள், போலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தன.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். அக்காலத்தில் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. பின்னர் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920 இல் மருத்துவரானார். எனினும் மருத்துவத் தொழில் புரியாமல் ஆய்வையே தெரிவு செய்தார்.

இந்தியாவில் ஆய்வுகள்

பேறுகால இறப்புகள் பற்றிய விசாரணையின் பகுதியாக, 1928 இல் பம்பாய் வந்த வில்ஸ் ஹாஃப்கின் நிறுவனத்தில் பணியாற்றினார். சிவப்பணுக்கள் அளவில் பெருக்கும் ஒருவகைச் சோகை, நெசவாலைத் தொழிலாளர் உள்ளிட்ட ஏழைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் தாக்கி உயிரைப் பறித்து வந்தது. நோய்க்கிருமி எதுவும் காரணமாகத் தென்படாததால் அவர்களது உணவை ஆராய்ந்தார். உணவு எந்த அளவுக்குக் குறைபாடுடையதாக இருந்ததோ, அந்த அளவுக்கு நோயும் மிகுந்திருந்தது.

1929 இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில், பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவை எலிகளுக்கு அளித்துச் சோதித்தார். எலிகளின் சோகைக்குப் பேன்கள் பரப்பிய தொற்றும் காரணம் எனப் பின்னர் தெரியவந்ததால், ரீசஸ் குரங்குகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். 1931 இல் சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் (பின்னாளில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) பணியாற்றினார்.

விலை மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் இச்சோகையைக் குணப்படுத்துவதை 1931 இல் அறிவித்தார். வேறுவகைச் சோகைக்குப் பயன்பட்ட தூய ஈரல் சாறு இங்குப் பயன்படவில்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு குறைபாடுகள் என்பது தெளிவாயிற்று. ஈஸ்ட்டில் இருந்த அந்த அறியப்படாத பொருள் வில்ஸ் காரணி எனப்பட்டது. கீரையிலிருந்து 1941 இல் பிரித்தெடுக்கப்பட்ட போலிக் அமிலமே அது எனப் பின்னர் தெரிந்தது.

பிற்காலமும் தாக்கமும்

1947 இல் ஓய்வு பெற்ற பின்னும் ஜமேக்கா, பிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் ஊட்டச்சத்து குறித்து ஆராய்ந்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கருவுறுவதற்கு முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொள்வது குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைபாடுகளைத் தடுக்கிறது என்பது 1991 இல் உறுதிப்பட்டது. இந்தியாவில் கர்ப்பிணிகளுக்கும் வளரிளம் பெண்களுக்கும் இரும்புச்சத்துடன் போலிக் அமில மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. எனினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுடைய இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். கீரைகளும் பயறு வகைகளும் போலிக் அமிலச் சத்தின் எளிய உணவு மூலங்களாகும்.