ஒரு சோறு பதம் பார்த்த மகலனோபிஸ்

பாகாலா, சித்தூர் பக்கம் எத்தனை ஏக்கரில் வேர்க்கடலை விதைத்திருக்கிறார்கள் என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். வயல் வயலாக நடந்து எண்ணினால், கணக்கு முடிவதற்குள் கடலை செக்குக்குப் போய்விடும். சில வயல்களை மட்டும் பார்த்தே முழுக் கணக்கைச் சொல்லலாம், அதில் எவ்வளவு பிழை இருக்கும் என்பதையும் சொல்லலாம் என்று நம் நாட்டில் செய்து காட்டியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் பிறந்த ஜூன் 29ஆம் தேதி, 2007 முதல் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

1893ல் கல்கத்தாவில் பிறந்த மகலனோபிஸ், பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, 1913ல் லண்டனில் மேல்படிப்பு படிக்கக் கப்பலேறினார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று கடைசி ரயிலைத் தவற விட்டார். தங்க இடம் கொடுத்த நண்பர், அங்கே கிங்ஸ் கல்லூரியிலேயே சேரும்படி யோசனை சொன்னார். இடமும் கிடைத்துவிட்டது. ரயிலைத் தவற விட்டு லாபம் அடைந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்!

நம் கும்பகோணம் ராமானுஜனின் நட்பு அங்கேதான் ஏற்பட்டது. குளிர் தாங்காமல் மேல்கோட்டோடு படுத்து வந்த ராமானுஜனுக்கு, மெத்தையில் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்கக் கற்றுக்கொடுத்தவர் இவரே. ஒரு நாள் பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிர் ஒன்றை மகலனோபிஸ் படித்துக் காட்டினார். அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன், அதற்கு மட்டுமல்ல, அந்த மாதிரிப் புதிர்கள் அனைத்துக்கும் பொருந்தும் வழிமுறையையே அங்கேயே சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர்காரர்கள் அல்காரிதம் என்பதும் இத்தகைய வழிமுறையைத்தான்.

1915ல் ஊர் திரும்பும்போது பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்தார். வேலை பௌதிகம் போதிப்பது, மனமோ எண்களில். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் கழகம் கல்லூரியில் அவரது அறையிலேயே பிறந்தது. முதல் வருடச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு. கம்ப்யூட்டர் ஒருவர் இருந்தார். ஆம், அந்நாளில் அந்தச் சொல் கணக்குப் போடும் ஆளைக் குறித்தது.

வங்காளத்துச் சணல்தான் அவருக்குப் பெரிய சோதனை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஆனால் வயல்வெளி ஒரே பதமாக வெந்த சோறல்ல. ஆட்கள் இஷ்டப்படி பார்த்தால் பாதையோரத்து வயல்களே கணக்கில் ஏறும். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இடங்களைத் தேர்ந்தெடுத்தார். 1937ல் சிறிதாகத் தொடங்கிய வேலை, 1941ல் மாகாணம் முழுவதும் பரவியது. மரத்தடியில் உட்கார்ந்து மனம்போல் எண்களை எழுதிவிடுவோருக்கும் மருந்து வைத்திருந்தார். ஒரே வட்டாரத்துக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்புவார். இரண்டு கணக்கும் வெகுவாக மாறுபட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சர்க்கார் பெரும் ஆள்பலத்துடன் வயல் வயலாக எடுத்த கணக்கைவிட, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குச் செலவில் எடுத்த இவர் கணக்கே வியாபாரக் கணக்கோடு ஒத்துப்போயிற்று. அப்படியும் நம்பாத அதிகாரிகள் இருந்தார்கள்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்த சி. ஆர். ராவ் 1941ல் கழகத்தில் சேர்ந்து, பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். 1950ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. வீடு வீடாக விசாரித்த படிவங்கள் மலையாகக் குவிந்தன. 1955-56ல் இங்கிலாந்திலிருந்து கம்ப்யூட்டர் வரவழைத்தார். இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் அதுவே.

1956ல் ஆரம்பமான இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படை வகுத்தவரும் அவரே. கனரகத் தொழிலுக்கு முதலிடம் தந்து விவசாயத்தைப் பின்தள்ளியது என்று அதன்மீது குறை சொல்லப்பட்டது. அதில் நியாயம் இல்லாமலில்லை.

இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று அளக்க அவர் வகுத்த முறைக்கு மகலனோபிஸ் தூரம் என்று பெயர். 1936ல் வெளியானது. பெருங்குவியலான எண்களில் ஒட்டாமல் நிற்பதைக் கண்டுபிடிக்க, கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைக் கையாள்கிறார்கள்.

79ஆவது பிறந்த நாளுக்கு முதல் நாள், 1972 ஜூன் 28ல், மகலனோபிஸ் காலமானார்.