துவில்லியர் துரையின் தபால் முத்திரைகள்

பாத் நகரில் 1813-இல் பிறந்த ஹென்றி லாண்டர் துவில்லியர், 1861 முதல் 1878 வரை இந்திய ஸர்வேயர் ஜெனரலாயிருந்தவர். முத்திரை சேகரிப்போர் போற்றுவதோ அவருடைய 1854-ஆம் ஆண்டின் உழைப்பையே.

கல்கத்தா நாணயசாலையின் முயற்சி கைகூடாமற்போகவே, அவர் அரையணா முத்திரையைக் கல்லச்சிற் செந்நிறமாய்ப் பதிப்பித்தார். சீமைச் சாயம் தீர்ந்தது. நாட்டுச் சாயமோ கல்லைக் கெடுத்தது. மனந்தளராது புதுப்படம் வரைந்து நீலத்திற் பதிப்பித்தார். அக்டோபர் 1-இல் நாடெங்கும் முத்திரைத் தபால் தொடங்கிற்று.

செம்முத்திரை முறைப்படி வெளியிடப்படவில்லை. அருமை மிகுந்தமையால் போலிகளும் பிறந்தன. அதன் பக்கவோரத்து வளைவுகள் 9½, நீலத்திற்கு 8. மெய்த்தாளிற் கும்பினிச் சின்னம் நீர்க்குறியாய்ப் பரந்திருக்கும். ஒரு முத்திரையிற் சிறு துண்டே தெரியும். வேலூர், ஆம்பூர் வீடுகளிற் பழைய கடிதக் கட்டை அவிழ்க்கும் மாணவர், விலை பேசுமுன் வளைவுகளை எண்ணுக.

துவில்லியர் 1906-இற் காலமானார்.