வேலூருக்கு உலகை அழைத்த ஐடா ஸ்கடர் அம்மையார்

பாலாற்றங்கரையில் அமைந்த இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோலைப் பதப்படுத்திக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிப் பெயர் பெற்றவை. இவ்வட்டாரத்துச் சரக்கு உலகை வலம் வந்த காலத்தில், இங்குள்ள பெண்கள் பலர் வீட்டு வாயிலைக்கூடத் தாண்டாதிருந்தனர். பெண்களையே மருத்துவராக்கி அவ்வாயில்களைத் திறக்கச் செய்தவர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார்.

பிறப்பும் திருப்புமுனையும்

அம்மையார் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் மருத்துவர் ஜான் ஸ்கடர், தாயார் சோபியா. பாட்டனாராகிய மூத்த ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு, பின்னர்த் தமிழகத்திலும் மருத்துவப் பணி ஆற்றியவர். குடும்பம் வாணியம்பாடியில் வாழ்ந்தபோது தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டியது. பசியால் துவண்ட தம் வயதுக் குழந்தைகளுக்குச் சிறுமி ஐடா உணவு ஊட்டினார். அந்தக் காட்சிகள் அவர் உள்ளத்தில் அச்சமாகவே தங்கின. அமெரிக்காவில் கல்வி கற்ற நாள்களில், இந்தியாவுக்குத் திரும்புவதில்லை என்பதே அவருடைய உறுதியாக இருந்தது.

தாயார் நோயுற்றமையால் 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கு ஓரிரவில், பேறுகால வேதனையில் துடித்த தத்தம் மனைவியரைக் காக்க வேண்டி மூவர் அடுத்தடுத்து வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. ஆண் மருத்துவரான தந்தையாரை அழைத்துச் செல்ல மூவருமே இசையவில்லை. இளநங்கை ஐடாவோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர். வழிபாட்டால் வேறுபட்ட மூன்று வீடுகளும் ஒரே துயரால் ஒன்றாயின. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற அவர், 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900இன் தொடக்கத்தில் தமிழகம் திரும்பி, வேலூரில் ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

பெண்களுக்கொரு பள்ளி

எத்தனை கைகள் உழைத்தாலும் நோயாளரின் தொகை குறையவில்லை. தாம் ஒருவராகக் குணப்படுத்துவதைவிடப் பலரைப் பயிற்றுவிப்பதே வழியென அம்மையார் உணர்ந்தார். 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918 ஆகஸ்டு 12ஆம் நாள் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் மருத்துவம் கற்க முன்வருவார்களா என்று அதிகாரிகளே ஐயுற்றனர். 1922இல் முதல் அணியினர் பதினால்வர் தேறி வெளிவந்தனர், ஐயம் அகன்றது.

ஒரு சபையோ ஒரு நாடோ தனித்துத் தாங்கக்கூடிய சுமையன்று அப்பள்ளி. ஆதலின் பல மறைப்பணிக் கழகங்களின் கூட்டு நிறுவனமாகவே அது வளர்ந்தது. 1920களின் தொடக்கத்தில், கீழை நாடுகளின் மகளிர் கல்லூரிகள் ஏழனுக்கு உதவ ராக்பெல்லர் அறநிதி முன்வந்தது. இருபது இலட்சம் டாலர் திரட்டினால் மேலும் பத்து இலட்சம் தரப்படும் என்பது நிபந்தனை. லூசி பீபடி அம்மையார் முன்னின்று நடத்திய அம்முயற்சி வென்றது. வேலூரும் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியும் பயன் பெற்றவற்றுள் அடங்கும்.

மரநிழல் வகுப்பறை

உலகத்தாரின் உதவியால் நடந்த பள்ளி, மாணவியரின் கண்ணைக் கடலுக்கு அப்பால் மட்டுமே திருப்பவில்லை. குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலுமாக அம்மையார் சென்று, மரநிழலில் நோயாளரைக் கண்டு மருந்தளித்து வந்தார். அச்சாலையோர மருத்துவம் மாணவியர்க்கும் பாடமாயிற்று. பாடவேளை முடிந்த இடத்தில் தொடங்கிய கல்வி அது. நூலில் கற்ற நோயின் பெயருக்குப் பின்னால் வறுமையும் தீண்டாமையும் அறியாமையும் நிற்பதை அவர்கள் அங்கே நேரிற் கண்டனர். உலகக் குடிமக்களாவதற்கு முதற்படி, அயலூர்க் குடிசையின் வாயிலில் குனிந்து நுழையக் கற்பதே என்பதை அப்பயிற்சி புலப்படுத்தியது.

கூட்டுறவின் விலை

1930களின் இறுதியில் பெருஞ்சோதனை நேர்ந்தது. மருத்துவக் கல்வி பட்டப்படிப்பாக உயர வேண்டுமென அரசு விதித்தது. அதற்கான பேராசிரியர்க்கும் கட்டடங்கட்கும் பெரும்பொருள் தேவைப்பட்டது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பிற கழகங்கள் தோள்கொடுக்கும் என்ற நிலை உருவானது. பெண்களுக்காகப் பெண்கள் ஈந்த நிதி என்பதால் அமெரிக்கத் தோழியர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். முன்னர் நிதி திரட்டித் தந்த பீபடி அம்மையாரும் அவர்களுள் ஒருவர். எதிர்த்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. பெண்களுக்கென எழுந்த இடம் மீண்டும் ஆண்களின் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. எனினும் பள்ளி மூடப்படுவதைவிட, அதன் உரிமையைப் பலரோடு பகிர்வதையே ஐடா அம்மையார் தேர்ந்தார். நெடுநாள் நட்பு அதனால் முறிந்தது. எழுபது வயதைக் கடந்த நிலையில், போர்க்காலத்து அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைவு கிடைத்தது. 1946இல் செவிலியர்க்கும் பட்டப்படிப்பு அமைந்தது. 1947இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர்.

நிறைவு

அம்மையார் 1946இல் ஓய்வு பெற்று, 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார். ஒரு படுக்கையில் தொடங்கிய பணி, உலகம் அறிந்த வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. கைகொடுக்க வருவோரிடம் உதவியை மட்டும் பெற்றுக்கொண்டு, உரிமையைத் தாமே வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. தாம் பெற்றெடுத்ததைப் பிறர்க்கும் உரியதாக்கத் துணிந்தவர் ஐடா ஸ்கடர். அன்று திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களின் பெயர்கள் யார் நினைவிலும் இல்லை. அவர்களைக் காக்க இயலாத ஓரிரவின் துயரே, எண்ணற்ற பெண்களுக்குக் கல்வியாயிற்று.