பழங்கடல் கண்ட பிளான்போர்டு

காவிரி பாயும் தஞ்சை வளநாட்டில் வாழும் யாம், குடகு மலையில் மழை பொய்த்த ஆண்டில் உழவர் படும் துயரை நன்கறிவோம். ஆற்றில் நீர் வாராவிடின் குறுவை இல்லை. விதைநெல் பத்தாயத்திலேயே கிடக்கும். அம்மழையின் வரவை முன்னறிந்து கூற முயன்றோருள் முதல்வராகிய அறிஞர் ஒருவர், கொள்ளிடத்திற்கு வடபாலுள்ள பாறைகளிற் பண்டைக் கடலொன்றின் வரலாற்றையும் ஆராய்ந்தவர் என்பதை நம்மிற் பலர் அறியார். அவரே ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு என்பார்.

இவர் 1834-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிற் பிறந்தார். 1855-இல் தம் தமையனார் வில்லியமுடன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் அமர்ந்தார். அடுத்த ஆண்டில் ஒரிசாவின் தால்ச்சேர்ப் பகுதியில், மெல்லிய மண்படிவத்திற் பெருங்கற்கள் புதைந்திருக்கக் கண்டு, வெப்பமிக்க இந்நாட்டிலும் ஒருகாலத்துப் பனிக்கட்டி பரவியிருந்ததென உடன்பணியாற்றியோருடன் துணிந்தார். வியப்பிற்குரிய அம்முடிபு பின்னர் மெய்யென நிறுவப்பட்டது.

அதன்பின் திருச்சிராப்பள்ளிச் சீமைக்கு வந்தார். கதிர் கொளுத்தும் கரம்பை நிலங்களிற் கிடந்த கற்சிப்பிகளையும், சாளக்கிராமம்போற் சுருண்ட கடலுயிர்ச் சுவடுகளையும் ஆராய்ந்தார். அப்பாறைகள் ஒரே காலத்தன அல்ல எனத் தெளிந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்து, 1862-இல் வெளியிட்டார். பின்வந்தோர் ஆராய்ச்சிக்கெல்லாம் அப்பகுப்பே அடிப்படையாயிற்று. 10 கோடி ஆண்டுகட்கு முற்பட்டே தொடங்கி, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகட்கு முன்வரை கடல் ஆங்கே ஏறியும் இறங்கியும் நின்றது. அக்காலப் படிவங்கள் நம் நெல்வயல்களின் வண்டலுக்கடியிலும் ஆழ்ந்து கிடக்கின்றன. தொல்லுயிர்களை விளக்கும் பாலியண்டாலஜியா இண்டிகா என்னும் வரிசைநூல், 1861-இல் இக்கடலுயிர்களைப் பற்றி இவர் வரைந்த பகுதியோடு தொடங்கிற்று. இவர் விடுத்த பணியை ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் தொடர்ந்தார்.

1862-இல் பிளான்போர்டு கல்கத்தா மாநிலக் கல்லூரி ஆசிரியரானார். 1864-ஆம் ஆண்டு அந்நகரை அழித்த பெரும்புயல் இவர் கருத்தை வானத்தின்பால் திருப்பிற்று. அப்புயலை ஆராய்ந்து காஸ்ட்ரெல் என்பாருடன் அறிக்கை எழுதினார். 1875-இல் இந்திய வானிலைத்துறை நிறுவப்பெற்றபோது அதன் முதல் தலைவரானார். மறுஆண்டே தாதுவருஷப் பஞ்சம் தொடங்கித் தென்னாட்டை வாட்டிற்று. மழையை முன்னறிதல் உயிர்காக்கும் அறமாயிற்று. இமயத்திற் பனி மிகுந்த ஆண்டில் மழை குன்றுமென்னும் கருத்தை 1884-இல் வெளியிட்டார். 1886 முதல் பருவமழை முன்னறிவிப்பு ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. அப்பனிக்கும் மழைக்குமுள்ள தொடர்பு எல்லா ஆண்டும் பொருந்தவில்லையெனப் பின்னோர் கண்டனர். எனினும், வினாவை எழுப்பி வழியிட்ட பெருமை இவரதே. 1893-இல் இங்கிலாந்தில் இவர் மறைந்தார்.

கல்லைப் படித்ததும் காற்றைப் படித்ததும் இவர் வாழ்வில் இருவேறு பணிகளாய் நின்றன. இன்றைய அறிஞரோ, கடலடிச் சேற்றிற் படிந்த நுண்ணிய ஓடுகளைக் கொண்டு, பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் பருவமழை மிகுந்ததும் குன்றியதும் அளந்தறிகின்றனர். அவர் தனித்தனியே பயின்ற இரு கலைகளும் அங்கு ஒன்றாயின. மாணவ நண்பர்காள்! அரியலூர் நமக்குத் தொலைவன்று. அங்குக் காலிடறும் ஒரு சிறு கற்சிப்பியும் கடலின் பழங்கதையைத் தன்னுள் அடக்கியிருப்பது. மழையை நோக்கி வாழும் நாட்டிற் பிறந்த நாம் அதனைக் கற்றல் கடனன்றோ?