மௌனமாய் வாசித்தார், மக்களைப் பாட வைத்தார்

கவிதையை வாய்விட்டு வாசிப்பதா, மனத்துக்குள் வாசிப்பதா என்று நம்மிடையே பேச்சு எழும்போது, டிசம்பர் 7ஆம் நாள் நாம் விழா எடுக்கும் புனித அம்புரோஸ் நினைவுக்கு வருகிறார்.

இன்று ஜெர்மனியில் உள்ள டிரியர் நகரில் ஏறக்குறைய 339இல் பிறந்தவர். மிலானில் ஆளுநராய் இருந்தபோது, 374இல், திருமுழுக்குக்கூடப் பெறாத அவரை மக்கள் ஆயராகத் தெரிந்துகொண்டார்கள்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நூலில் ஆழ்ந்தார். யாரும் அனுமதியின்றி அவரது அறைக்குள் செல்லலாம். அப்படிச் சென்ற அகுஸ்தீன், ஆயரின் கண்கள் பக்கங்களில் ஓடுவதையும், உதடுகள் அசையாதிருப்பதையும் கண்டு வியந்தார். வாய்விட்டு வாசிப்பதே பெருவழக்காய் இருந்த காலம் அது. (மௌன வாசிப்பு அதற்கு முன்பும் உண்டு என்பார்கள் இன்றைய அறிஞர் பலர். வந்தவர் முன்னிலையிலேயே அப்படி வாசித்ததுதான் வியப்பாய் இருந்திருக்கும்.) எளிதில் கம்மிவிடும் குரலைக் காக்கவோ, விளக்கம் கேட்போரைத் தவிர்க்கவோ அவர் அப்படிச் செய்திருக்கலாம் என்று அகுஸ்தீன் எண்ணிக்கொண்டார்.

386இல் நிலைமை வேறு. பேரரசர் 2ஆம் வாலண்டீனியனின் தாய் யுஸ்தீனா, கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்த ஆரியுஸ் கொள்கையினருக்கு ஆலயம் ஒன்றைக் கேட்டார். ஆயர் மறுத்தார். ஆயரோடு உயிர்விடவும் துணிந்து மக்கள் ஆலயத்திலேயே விழித்திருந்தார்கள்; அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் அவர்களுள் ஒருவர். சோர்ந்துபோகாதபடி, கீழைத் திருச்சபை வழக்கப்படி அவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடும் முறை அப்போது தொடங்கியது. அம்புரோஸ் இயற்றிய பாடல்கள் நான்கு நான்கு வரிகளாய், வரிக்கு எட்டு அசைகளாய் அமைந்தவை. எழுத்தறியாதவரும் கேட்டுக் கேட்டே பாடிவிடலாம். (நாமோ இன்று பாடகர்குழு பாட, புத்தகத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து நிற்கிறோம்!)

397 ஏப்ரல் 4 அன்று அம்புரோஸ் இறந்தார். அவர் பாடல்கள் சில திருச்சபையின் இலத்தீன் திருப்புகழ்மாலையில் இன்றும் உள்ளன.

அவற்றுள் ஒன்று, உறக்கம் தரும் இறைவனைப் போற்றும் மாலைப் பாடல். 387 பாஸ்காவில் அம்புரோஸிடம் திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீன், அதே ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் தாயை இழந்தார். அடக்கத்தின்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நெஞ்சு மட்டும் கனத்தது. சற்று உறங்கி விழித்து, படுக்கையில் தனியே கிடந்தபோது அந்தப் பாடல் வரிகள் மனத்துக்குள் வந்தன. பாடுவார் யாருமில்லை. மெல்ல மெல்லத் தாயின் நினைவு திரும்பியது. அதன்பின்தான் அவருக்கு அழ முடிந்தது.